ஏரிக்குக் கால்வாய்த் தண்ணீர் வருமுன்: எங்கள் ஆயக்கட்டில் நடந்த மண் ஆய்வு

காசு கொடுத்து மண் ஆய்வு செய்வது அவசியமா என்று எங்கள் பக்கத்து ஏரிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவசியம்தான். ஆனால் வருகிற ஆள் குழி தோண்டிப் பார்க்கிறவராக இருக்க வேண்டும். மேல்மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போய்த் தழை, மணி, சாம்பல் சத்து பார்த்துச் சொல்வதற்கு அரசின் மண் பரிசோதனை நிலையமே போதும், செலவும் சொற்பம். நாங்கள் அமர்த்தியது வேறு வேலைக்கு. தண்ணீர் வந்தால் அதை எந்த நிலம் தாங்கும், எந்த நிலம் தாங்காது என்று தெரிந்துகொள்ள.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் தும்பலஅள்ளி அணைக்கும் நடுவில் இருக்கிறது. தென்பெண்ணையில் வெள்ளம் போகும்போது உபரித் தண்ணீரை எண்ணேகொல்புதூரிலிருந்து கால்வாய் வழியாக ஏரிகளுக்கும் தும்பலஅள்ளி அணைக்கும் கொண்டுவரும் திட்டம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஏரியும் அதில் நிரம்பும் என்ற நம்பிக்கையில்தான் ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், உள்ள விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டோம். கணக்கு என் கையில் இருப்பதால் ஆளைத் தேடியது, பேசியது, பின்னால் நின்று வேலை வாங்கியது எல்லாம் நான்தான்.

வந்தது தருமபுரியில் இருக்கும் ஒரு சின்னக் குழு. மண்ணியல் படித்து வெளி மாநிலப் பாசனத் திட்டங்களில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர், வேளாண்மை படித்த ஒரு பெண், வரைபட வேலைக்கு ஒரு பையன். விளம்பரப் பலகைகூடக் கிடையாது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

முதல் நாள் கருவி எதையும் அவர்கள் வெளியில் எடுக்கவில்லை. கிராம வரைபடத்தையும் எஃப்எம்பி என்கிற புல வரைபட நகல்களையும் விரித்து வைத்துக்கொண்டு, ஏரிக்கரையிலிருந்து மேட்டுக் கொல்லை வரைக்கும் நடந்தார்கள். அந்தப் பெண் களையெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய் உட்கார்ந்து, "அக்கா, எந்தக் கொல்லையில களைக்கொத்து எகிறும்? எங்க மழை பேஞ்சு ரெண்டு நாள் ஆனாலும் கால் வைக்க முடியாது?" என்று கேட்டாள். அவர்கள் கை நீட்டிக் காட்டிய இடத்தையெல்லாம் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டாள். பிறகு குழிகள் எங்கே விழுந்தன என்று பார்த்தால், பாதிக்கு மேல் அந்தக் கைகள் காட்டிய இடங்கள்தான். பட்டா யார் பேரிலோ இருக்கும், மண்ணை நாள் முழுக்கத் தொடுகிறவர்கள் இவர்கள்தானே. இதைத் தெரிந்து கேட்ட குழு என்பதாலேயே எனக்கு அவர்கள் மேல் மதிப்பு வந்துவிட்டது.

இப்போது குழியைப் பற்றி. இதுதான் இந்த வேலையின் உயிர். ஆள் இறங்கி நிற்கிற அகலத்தில், ஐந்தடி ஆழம் அல்லது பாறை தட்டும் வரை தோண்டுகிறார்கள். ஒரு பக்கச் சுவரில் வெயில் நேராக விழ வேண்டும், அந்தப் பக்கத்து மேட்டில் யாரும் மிதிக்கக் கூடாது. ஜேசிபி வைத்துத் தோண்டினாலும் அந்தச் சுவரைக் கடைசியில் கத்தியால் கொத்திக் கொத்தி விடுவார் பெரியவர். ஜேசிபி வாளி இழுத்து வழித்த சுவர் பொய் சொல்லும் என்பார். கொத்திய பிறகு பார்த்தால் உண்மையிலேயே அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. எங்கள் மேட்டுக் கொல்லைக் குழியில் மேலே பாதிக்குப் பாதி சரளை கலந்த செம்மண், ஓரடி தாண்டியதும் மொரம்பு என்கிற கெட்டிச் சரளை, அதற்கும் கீழே இற்றுப்போன பாறை. வேர்கள் மொரம்பு வரை நேராக வந்து, அங்கே பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தன. அந்தக் கொல்லையில் மாமரம் ஏன் பிடிக்கவில்லை என்று பல வருஷமாக நாங்கள் நர்சரிக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி தள்ளிப் பார்க்கிறார்கள். ஓரங்குலத்துக்குள் ஒடிந்து விழுந்தால் அதில் களி குறைவு. ஓரங்குலம் தாண்டி இரண்டங்குலம் வரை வந்தால் களி கலந்த வண்டல். அதற்கு மேலும் ஒடியாமல் நீண்டால் களிமண். மேட்டுக் கொல்லை மண் நாடாவாகவே வரவில்லை. ஏரிக்குக் கீழே கழனி மண் விரலைத் தாண்டித் தொங்கியது. அப்புறம் நிறம். வண்ணச் சதுரங்கள் ஒட்டிய ஒரு புத்தகத்தை மண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நிறத்துக்கு எண் எழுதுகிறார்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். சிவப்பு என்றால் மண்ணில் இருக்கும் இரும்பு காற்றோடு சேர்ந்து துருப்பிடித்திருக்கிறது, அதாவது தண்ணீர் தேங்காமல் வடிகிறது. சாம்பல் நிறமும் அதில் துருப்புள்ளிகளும் இருந்தால் வருஷத்தில் கொஞ்ச காலம் அங்கே தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தாழ்வான மூலைக் குழியில் இரண்டரை அடிக்குக் கீழே அந்தச் சாம்பல் நிறம் இருந்தது. மழைக்காலம் முடிந்து வெகு நாள் கழித்துத் தோண்டிய குழி அது. தண்ணீர் இல்லாத நாளில் தண்ணீர் நின்ற கதையைச் சுவர் சொல்லிக்கொண்டிருந்தது.

நடுத் துண்டில் தோண்டிய குழிதான் ஊரையே கூட்டிவிட்டது. மேலே பார்த்தால் நல்ல செம்மண். இரண்டடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள். பெரியவர் சின்னப் புட்டியிலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டு விட்டதும் அந்த இடம் புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. மேல்மண்ணில் விட்டார், ஒன்றும் ஆகவில்லை. "மேல எடுத்த மண்ணை மட்டும் லேபுக்கு அனுப்பினா இது தெரியவே தெரியாதும்மா. வேர் கீழ போன பிறகுதான் இலை மஞ்சளாகும்" என்றார். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது. அந்தத் துண்டில் நிலக்கடலை ஏன் இளம் இலையிலேயே வெளுக்கிறது என்று இப்போது புரிந்தது.

இந்த மூன்று குழிகளும் ஒரே சரிவில் இருப்பது தற்செயல் இல்லையாம். மேட்டில் பாறை இற்று உண்டான மண்ணை மழை அரித்துக் கீழே தள்ளுகிறது, அதனால் மேட்டில் சரளை மிஞ்சுகிறது. மண்ணில் கரையும் சுண்ணாம்பும் உப்பும் தண்ணீரோடு இறங்கி நடுவிலும் தாழ்விலும் படிகின்றன. அதனால்தான் மேலே ஆழமில்லாத சிவப்பு, நடுவே சுக்கான், கீழே ஆழமான கருத்த மண், கடைசி மூலையில் உவர். தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஏரி உள்ள ஊர்களில் பலவற்றில் இந்த வரிசையைப் பார்க்கலாம் என்றார். குழிகளுக்கு நடுவில் ஆகர் என்கிற கைத்துளைக் கருவியால் துளைத்துப் பார்த்து, எந்த இடத்தில் ஒரு மண் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட்டார்கள். அந்தக் கோடு எந்த வரப்பையும் மதிக்கவில்லை. ஒரே சர்வே நம்பருக்குள் இரண்டு மண் இருக்கிறது.

சரி, தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். நாங்கள் கொடுத்த பணம் அங்கேதான் திரும்பி வந்தது.

இரும்பு வளையம் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக மண்ணில் அடித்து, தண்ணீர் ஊற்றி, உள் வளையத்தில் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று ஸ்கேலை வைத்து அளந்தார்கள். வெளி வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் கசிவதை ஈடுகட்டிவிடுவதால், உள் வளையத்தில் நேராகக் கீழே இறங்குவது மட்டும் கணக்கில் வரும். மேட்டுக் கொல்லையில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல். ஏரிக்குக் கீழே கழனியில் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தப் பெண் வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் வளையத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேகம் ஒரே சீராக வரும்வரை எழுந்திருக்கவில்லை. முதல் அரை மணி நேரத்து அளவு கணக்கில் சேராதாம். காய்ந்த மண் முதலில் வேகமாகத்தான் குடிக்கும்.

அப்புறம் அந்த மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்ற கணக்கு. எங்கள் மாதிரி மணல் கலந்த செம்மண், ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் தண்ணீரைப் பயிருக்குக் கொடுக்கும்படி பிடித்து வைக்கும். மேட்டில் ஆழமே ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர். அப்படியானால் 30 மில்லிமீட்டர். அதில் பாதி சரளை, கல் தண்ணீர் குடிக்காது. மிச்சம் 15 மில்லிமீட்டர். வெயில் காலத்தில் தக்காளி ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இழுக்கும். மூன்று நாளில் காலி. ஆனால் வாடாமல் இருக்க வேண்டுமானால் பாதி தீர்வதற்குள்ளேயே அடுத்த தண்ணீர் போக வேண்டும். கீழ்க் கழனியில் களி அதிகம், வேர் மூன்றடி போகும், அங்கே பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஏரி நிரம்பினால் நாங்கள் என்ன செய்வதாக இருந்தோம்? மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் பார்க்காமல், எல்லோருக்கும் பத்து நாளைக்கு ஒரு முறை மடை திறப்பதாக. ஒரே அளவு கொடுப்பதுதான் நியாயம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்திருந்தோம். அப்படித் திறந்திருந்தால் மேட்டுக்காரன் பயிர் நான்காம் நாளே துவண்டு போயிருக்கும், அவன் பங்குத் தண்ணீரில் பெரும்பகுதி மொரம்புக்குள் இறங்கிப் போயிருக்கும். கடைசியில் "மேட்டு மண்ணுக்கு எவ்வளவு விட்டாலும் பத்தாது" என்ற பழிதான் மிஞ்சும்.

குழு சொன்ன வழி இதுதான். மேட்டுத் துண்டுக்கு முறைத் தண்ணீரை நேராகப் பாய்ச்ச வேண்டாம். அந்தப் பங்கைப் பண்ணைக்குட்டையில் விட்டு, அங்கிருந்து சொட்டுநீரில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பங்கு குறையாது, கொடுக்கும் விதம் மாறும். குட்டைக்கு நாங்கள் காட்டிய இடத்தில் அடியில் மொரம்பு. பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் தண்ணீர் தேங்காது என்று சொல்லி, கொஞ்சம் கீழே தள்ளி, களி தொடங்கும் இடத்தைக் காட்டினார்கள். அதேபோல வாய்க்கால் முழுவதற்கும் சிமென்ட் பூச வேண்டும் என்று மனு எழுதி வைத்திருந்தோம். சரளைத் துண்டைக் கடக்கும் பகுதிக்கு மட்டும் பூசினால் போதும், கீழே களிமண்ணில் பூசுவது வீண் செலவு என்றார்கள். மனுவை மாற்றி எழுதினோம்.

மேட்டில் மண் ஆழத்தைக் கூட்ட ஏரி வண்டலை அடிக்கும் யோசனையும் சொன்னார்கள். தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் வண்டல் எடுக்கலாம் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. ஓர் ஏக்கருக்கு ஓரங்குலம் பரப்ப 3,630 கன அடி, அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 36 யூனிட் வேண்டும். நாலு டிராக்டர் அடித்துவிட்டு வண்டல் போட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ஏரிக்குள்ளும் எல்லா இடத்து வண்டலும் ஒன்றில்லை. மதகை ஒட்டிய பகுதியில் உப்பு இருந்ததால், அதைத் தொடாமல் ஏரியின் உள்பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

பயிர்த் திட்டம் பேசின அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் சூடாகிவிட்டது. தண்ணீர் வருகிறது என்றாலே எங்கள் ஊரில் நெல்தான் கனவு. கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே நெல் விளைவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த அணை 1957-ல் திறந்தது, ஒன்பதாயிரம் ஏக்கர் பாசனம். நெடுங்கல் தடுப்பணையிலிருந்து தண்ணீர் வரும் பாரூர் ஏரிப் பக்கம் பெண் கொடுத்தவர்களும் எங்கள் ஊரில் நிறைய. எங்கள் பெரியப்பா எழுந்து, "தண்ணி வந்தும் ராகிதான் போடணும்னா எதுக்குத் தண்ணி?" என்று கேட்டார். பெரியவர் கோபப்படவில்லை. கரும்பலகையில் எழுதினார். பத்து லட்சம் கன அடி தண்ணீர், 23 ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும். நெல்லுக்கு மொத்தம் நாலடி வேண்டும். அப்படியானால் ஆறு ஏக்கர்கூட விளையாது. ராகிக்கு ஓரடிக்குக் கொஞ்சம் கூட, ஆக இருபது ஏக்கர். மழையையும் கசிவையும் சேர்த்தால் எண்கள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. பிறகு, கீழ்க் கழனியில் மணிக்கு 5 மில்லிமீட்டருக்குள் இறங்கும் துண்டில் மட்டும் நெல் போடலாம், தவறில்லை, ஆனால் அந்த எல்லையைத் தாண்டி மேலே ஏறக் கூடாது என்றார். பெரியப்பாவின் நிலம் அந்தத் துண்டுக்குள் வந்தது. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டாரா என்றால், இல்லை. கடைமடைக்காரர்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அவரே அடுத்த கேள்வி கேட்டார்.

கர்நாடகத்தில் துங்கபத்திரை அணைப் பாசனத்தில் நடந்ததைப் பெரியவர் சொன்னது அந்தக் கூட்டத்தில்தான். அங்கே மண்ணைப் பார்த்து, இந்த நிலத்துக்குக் குறைந்த தண்ணீர்ப் பயிர் மட்டும் என்று முன்கூட்டியே வகுத்துத்தான் வைத்தார்கள். தலைமடையில் இருந்தவர்கள் அதை மீறி நெல் போட்டார்கள். மேலே நிலத்தில் நீர் தேங்கி உப்பேறியது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஆய்வும் திட்டமும் இருந்தும் நடந்தது இது. ஆகவே வரைபடத்தை ஊர்ப் பொதுவில் ஒட்டி வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டோம்.

தாழ்ந்த மூலையின் உவர் நிலத்தைப் பற்றி அவர்கள் சொன்னது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. அங்கே ஏற்கெனவே தண்ணீர் மட்டம் மேலே இருக்கிறது. வடிகால் வெட்டாமல் மேலே பாசனத்தைக் கூட்டினால் இன்னும் நாலு ஏக்கர் உவராகும். பாய்ச்சும் வாய்க்காலுக்கு முன்னால் வடிகால் ஓடையைத் தூர்வாருங்கள் என்பது அவர்கள் அறிக்கையின் முதல் பரிந்துரை. தண்ணீர் கொண்டுவரும் திட்டத்துக்கு ஆள் அமர்த்தினால், தண்ணீரை வெளியேற்றுவதைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த மூலையில் நிலம் வைத்திருப்பவர்கள் ஊரில் குரல் குறைந்தவர்கள். அவர்கள் நிலத்தை முதலில் எழுதியதற்காகவே இந்தக் குழுவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

போர்த் தண்ணீரையும் சோதித்தார்கள். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்து, 2013-ல் தொடங்கியது. ஆனால் பாசனத்துக்குப் பார்க்க வேண்டியது வேறு: தண்ணீரில் எஞ்சியிருக்கும் சோடியம் கார்பனேட். அது லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் மண்ணை இறுக்கிவிடும், ஜிப்சம் போட்டுத்தான் சமாளிக்க முடியும். எங்கள் போர்களில் சில அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. ஏரித் தண்ணீர் கிடைக்கும் காலத்தில் அந்தப் போர்களை நிறுத்தி வைப்பது, அல்லது இரண்டையும் கலந்து விடுவது என்று எழுதியிருக்கிறார்கள். கால்வாயில் வரப்போகும் தண்ணீரையும் வரும் முதல் வருஷமே சோதிக்கச் சொன்னார்கள். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரை பொங்கிப் போவதை நாமெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அதே ஆறுதான்.

இனி குறைகள். சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்து அமர்த்துகிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

அறிக்கை ஆடிப்பட்டத்துக்குள் வரும் என்றார்கள், வரவில்லை. விதைப்பு முடிந்த பிறகு வந்த பயிர்த் திட்டம் அந்த வருஷத்துக்கு உதவவில்லை. வந்த அறிக்கையிலும் அட்டவணைகள் முழுக்க ஆங்கிலம். கூட்டத்தில் அவ்வளவு தெளிவாகத் தமிழில் பேசிய மனிதர்கள் எழுதும்போது ஏன் இப்படிச் செய்தார்கள் என்று எனக்கு வருத்தம்தான். நாங்கள் கேட்ட பிறகு தமிழில் நாலு பக்கச் சுருக்கம் கொடுத்தார்கள். முதல் வரைபடத்தில் மண் வகைக்கு வண்ணம் மட்டும் இருந்தது, சர்வே நம்பர் இல்லை. தன் நிலம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று தெரியாத வரைபடம் விவசாயிக்கு எதற்கு? அதையும் திருப்பி அனுப்பி, புல எண்ணோடு வாங்கினோம். குழிகளை மூடுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை, கடைசியில் அந்தச் செலவு எங்கள் தலையில் விழுந்தது. மூடாமல் கிடந்த நாட்களில் ஆடு மேய்ப்பவர்கள் பட்ட பயத்தைக் கண்ணால் பார்த்தேன். குழியைச் சுற்றி ஒரு கயிறாவது கட்டியிருக்கலாம்.

பயிர் வருமானக் கணக்கும் பலவீனம். தக்காளிக்கு ஒரே விலையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் பெட்டி ஏற்றுகிற யாரும் அந்தப் பக்கத்தை நம்ப மாட்டார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், விலையை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கட்டணம் ஏக்கருக்கு 450 ரூபாய், ஆய்வகச் செலவும் ஜேசிபி வாடகையும் தனி. தனி ஒருவர் இரண்டு ஏக்கருக்கு இதைச் செய்வது கட்டுப்படியாகாது. ஓர் ஏரி ஆயக்கட்டே சேர்ந்தால் சுமை தெரியாது. நிலம் குறைந்தவர்களிடம் ஏக்கர் கணக்கில் மட்டும் வசூலித்தோம், குழிச் செலவைப் பெரிய நிலக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மண்வள அட்டை இருக்கிறதே, இது எதற்கு என்பார்கள். 2015-ல் வந்த அந்த அட்டை நல்ல விஷயம். கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம் என்று பன்னிரண்டு விவரம் தருகிறது. உரம் எவ்வளவு போட வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் நானும் போடுகிறேன். ஆனால் அதற்கு மாதிரி எடுப்பது மேல்மண்ணில். ஓரடிக்குக் கீழே மொரம்பு இருக்கிறதா, சுக்கான் இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பது அதன் வேலை இல்லை. சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ போய்க் கேளுங்கள். நேரில் போய்க் கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்கும்.

இந்தக் குழுவை அமர்த்த நினைப்பவர்கள் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: சர்வே நம்பர் போட்ட வரைபடம், தமிழ் அறிக்கை, அறிக்கை தரும் தேதி, குழி மூடும் பொறுப்பு. வேலையை அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் குழிச் சுவர் நிற்காது, வளையச் சோதனையும் சரியாக வராது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு குழியாவது உங்கள் எதிரில் தோண்டிக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கடைசித் தவணையில் ஒரு பங்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஏரி முதல் முறை நிரம்பிப் பாசனம் நடந்த பிறகு, தாழ்ந்த மூலையில் தண்ணீர் மட்டத்தை அளக்க அவர்கள் திரும்ப வர வேண்டும் என்பது பேச்சு. அதற்காக அங்கே துளைத்துக் குழாய் ஒன்று இறக்கி, மூடி போட்டு வைத்திருக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை நான் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதி வருகிறேன், அந்தப் பெண்ணுக்கும் போனில் சொல்லிவிடுகிறேன்.